டிவி முன் உட்கார்ந்த குழந்தைகளை புத்தகம் பக்கம் இழுத்த 'தொப்பி பூனை': யார் இந்த டாக்டர் சூஸ்?

செல்போனைப் பிடுங்கினால் அழுகை, புத்தகத்தைக் கொடுத்தால் கொட்டாவி. இன்று பல வீடுகளில் இதுதான் நிலைமை. 1950-களில் அமெரிக்கப் பெற்றோருக்கும் கிட்டத்தட்ட இதே கவலை இருந்தது. அப்போது வில்லன் டிவி. அந்த நேரத்தில் ஒரு பூனையை வரைந்து குழந்தைகளைப் படிக்க வைத்தவர்தான் டாக்டர் சூஸ்.

தாலாட்டில் தொடங்கிய தாளம்

இயற்பெயர் தியோடர் சூஸ் கைசெல். 1904 மார்ச் 2-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தார். 'டாக்டர்' என்பது அவரே வைத்துக்கொண்ட பட்டம். மருத்துவர் அல்ல!

அவருடைய அம்மா, கல்யாணத்துக்கு முன் தன் அப்பாவின் பேக்கரியில் வேலை பார்த்தவர். அங்கே பலகாரப் பெயர்களை ராகமாக அடுக்கிச் சொன்ன அதே தாளத்தில்தான் பிள்ளைகளையும் தூங்க வைத்தார். தன் எழுத்தில் இருக்கும் தாளம் அம்மா தந்தது என்று சூஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

பூச்சிமருந்து விளம்பரத்துக்குப் படம் வரைந்து பிழைத்த அவர் எழுதிய முதல் குழந்தைகள் புத்தகத்தை 20-க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் அது 1937-ல் வெளியானது.

தப்பு குழந்தை மேலா, புத்தகம் மேலா?

1954-ல் 'லைஃப்' இதழில் எழுத்தாளர் ஜான் ஹெர்சி ஒரு கட்டுரை எழுதினார். பள்ளிப் பாடப் புத்தகங்கள் சப்பென்று இருக்கின்றன, பிறகு குழந்தை எப்படிப் படிக்கும் என்பதுதான் அவர் வாதம். சூஸ் போன்றவர்களை ஏன் வரைய வைக்கக்கூடாது என்றும் கேட்டார்.

இதையடுத்து ஒரு பதிப்பாளர் சூஸிடம் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்த அந்தச் சொற்களை மட்டும் வைத்து, கீழே வைக்க முடியாத கதை ஒன்று வேண்டும். இதுதான் சவால்.

ஈஸியான வேலை என்று நினைத்தவருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. 1957-ல் வந்தது 'தி கேட் இன் தி ஹேட்'. வெளியே மழை, வீட்டில் அம்மா இல்லை, போரடித்து உட்கார்ந்திருக்கும் இரண்டு குழந்தைகள். அங்கே தொப்பி போட்ட பூனை ஒன்று வந்து அட்டகாசம் செய்கிறது. மொத்தக் கதைக்கும் அவர் பயன்படுத்தியது 236 வெவ்வேறு சொற்கள்தான். அடுத்து ஒரு பந்தயத்துக்காக வெறும் 50 சொற்களில் எழுதிய புத்தகம் 1960-ல் வெளியானது.

விமர்சனமும் உண்டு

1991-ல் தனது 87-வது வயதில் சூஸ் இறந்தார். பிற இனத்தவரைத் தவறாகச் சித்தரித்ததாகக் கூறி, அவரது 6 புத்தகங்களின் விற்பனையை 2021-ல் அவற்றின் உரிமை நிறுவனமே நிறுத்தியது.

ஆனாலும் அவர் காட்டிய வழி மாறவில்லை. டிவியைத் திட்டிக்கொண்டிருக்காமல், குழந்தை தானே வாசித்து முடித்து, சிரித்து, 'இன்னொரு தடவை' என்று கேட்கும் புத்தகத்தை எழுதினார். நம் வீட்டிலும் முதல் புத்தகம் அறிவு வளர்ப்பதாக இருக்க வேண்டியதில்லை. சிரிக்க வைத்தால் போதும்!