எழுதாத ஆண்டுகள்

கதை எழுதப் புகுந்தோர் யாவர்க்கும் எழுத்து வராத காலம் ஒன்று நேர்வதுண்டு. இளம் எழுத்தாளர் அதனைத் தமது ஆற்றற் குறைவெனக் கருதி மனம் வாடுவர். லியோ டால்ஸ்டாயின் வாழ்வில் 1870 முதல் 1873 வரையுள்ள ஆண்டுகளை நோக்கின், அவ்வாட்டம் பேராசிரியரையும் விட்டு வைப்பதில்லை என்பது புலனாகும்.

1828இல் யாஸ்னயா போல்யானா என்னும் பண்ணையிற் பிறந்த டால்ஸ்டாய், 1869இல் ‘போரும் சமாதானமும்’ என்ற பெருநாவலை நிறைவு செய்தார். அடுத்து, மகா பீற்றர் மன்னனின் காலத்தை நாவலாக்க விழைந்தார். வரலாற்று நூல்களைத் திரட்டினார். அக்கால மக்களின் உடை, வழக்கம், பேச்சு யாவற்றையும் குறித்து வைத்தார். தொடக்கத்தை எழுதினார், மனம் நிறையவில்லை. வேறோரிடத்திலிருந்து தொடங்கினார், அதுவும் கைகூடவில்லை. இவ்வாறு கைவிடப்பட்ட தொடக்கங்கள் இருபதுக்கு மேற்பட்டவை. நெப்போலியனோடு நிகழ்ந்த போரில் அவருடைய தந்தையாரே பங்குகொண்டவர். அத்தலைமுறையினரை அவர் நெருங்கி அறிவார். பீற்றர் காலத்து மாந்தரோ மிகத் தொலைவில் நின்றனர். அவர்கள் அணிந்த உடை தெரிந்தது. உடைக்குள் இருந்த உள்ளம் தெரியவில்லை.

உள்ளச் சோர்வு உடலையும் வாட்டியது. மனைவி சோபியா கவலையுற்றார். 1871ஆம் ஆண்டுக் கோடையில் டால்ஸ்டாய் சமாராப் புல்வெளிக்குச் சென்று, புளித்த குதிரைப்பாலை மருந்தாக அருந்தி நலம் தேடினார்.

எனினும் அவர் வாளாவிருந்தாரல்லர். கிரேக்க மொழியைக் கற்று ஹோமரை மூலத்திற் படித்தார். குடியானவர் பிள்ளைகளைத் தம் இல்லத்திற் கூட்டி எழுத்தறிவித்தார். அவர்களுக்கென ஓர் அரிச்சுவடியை இயற்றி 1872இல் வெளியிட்டார். சிறுவர்க்கு விளங்காத சொல்லையும் வேண்டாத அலங்காரத்தையும் நீக்கி, சின்னஞ்சிறு கதைகளைத் திருத்தித் திருத்தி எழுதினார். ‘காக்கேசியக் கைதி’ என்னும் அரிய கதை அந்த உழைப்பின் பயனேயாகும்.

1873 மார்ச்சில், வீட்டிற் கிடந்த புஷ்கினின் நூலொன்றை எடுத்துப் புரட்டினார். முன்னரே பலமுறை படித்த நூல்தான். அதிலிருந்த முற்றுப்பெறாத கதையொன்று, முகவுரை ஏதுமின்றி, விருந்தினர் வந்து கூடுவதோடு தொடங்கிற்று. அந்த நேரடித் தொடக்கம் அவரை ஆட்கொண்டது. உடனே எழுதத் தொடங்கினார். ‘அன்னா கரீனினா’ பிறந்தது. நெறி தவறிய மேற்குலப் பெண்ணொருத்தியின் கதை 1870இலேயே அவர் நினைவில் தோன்றியிருந்தது. 1872இல் அயலிலுள்ள புகையிரத நிலையத்தில் உயிர்நீத்த பெண்ணின் உடலையும் அவர் நேரிற் கண்டிருந்தார். கரு உள்ளத்தில் உறங்கிக் கிடந்தது. உள்ளே புகும் வழியே அதுவரை புலப்படாதிருந்தது.

சில வாரங்களில் முடியுமென அவர் எண்ணிய நாவல் நான்காண்டுகளை விழுங்கியது. இடையே மூன்று மக்களை இழந்தார். தம் எழுத்தின்மீதே வெறுப்புற்றுச் சில காலம் ஒதுக்கியும் வைத்தார். சஞ்சிகையில் 1875இல் தொடங்கிய நாவல் 1877இல் நிறைவெய்தியது. பீற்றர் நாவலோ இறுதிவரை முற்றுப்பெறவேயில்லை.

ஆயினும், அந்த எழுதாத ஆண்டுகளை வீணென்று கூறவியலாது. பீற்றர் வரலாற்றில் அவர் நிரப்பிய குறிப்பேடுகளைவிட, குடியானவச் சிறுவர்க்காகச் சொல்லை எளிதாக்கிய பயிற்சியே அவர் பேனாவுக்குப் பெருந்துணையாயிற்று எனலாம். வராத கதையை வருத்தி இழுப்பதிலும், பிறர்க்குப் பயன்படும் சிறு பணியொன்றில் மொழியைத் தீட்டிக்கொண்டிருத்தல் நன்று. உரிய கதை வரும் நாளில் அம்மொழி ஆயத்தமாக இருக்கும்.