கடதாசியிற் குறி சொன்ன அம்மையார்

நாளை நிகழ்வதை இன்றே அறிதல் வேண்டும் என்னும் அவா மக்களை விட்டு என்றும் நீங்கியதில்லை. விண்மீன், பறவை, பல்லி, சோழி, கைரேகை எனப் பலவற்றையும் அவர்கள் வினாவிப் பார்த்திருக்கின்றனர். அவற்றுட் காலத்தாற் பிந்தியது, பொழுதுபோக்குக்கு ஆடும் கடதாசிக் கட்டை விரித்துக் குறி கேட்கும் வழக்கம். அவ்வழக்கத்தால் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்த மரி ஆன் லெனொர்மான் அம்மையார். தமிழாசிரியன் ஒருவன் அவர் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுதல் முறை.

என் தமக்கையாரின் ஒரே மகன் 2009ஆம் ஆண்டு, போரின் இறுதி நாட்களிற் காணாமற் போயினான். அவர் ஏறாத அலுவலகம் இல்லை. எழுதிய மனுக்களின் படிகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. சில ஆண்டுகள் சென்றபின் கடதாசி பார்க்கும் ஒருவரிடம் போகத் தொடங்கினார். அவர் கடதாசிகளைப் பாயில் விரித்து, பையன் நீருக்கு அப்பால் உயிரோடு இருக்கின்றான் என்றும், அடுத்த தைக்குள்ளே செய்தி வரும் என்றும் கூறிக் கூலியும் பெற்றுக்கொண்டார். தை பல வந்து போயின. ஒருநாள் யான் சினந்து, படித்த குடும்பத்திற் பிறந்தவர் இவ்வாறு அலைதல் தகுமோ என்று கடிந்துகொண்டேன். தமக்கையார் அழவில்லை. தாம் கேட்ட கேள்விக்கு இத்தனை பேருள்ளும் விடை கூறியவர் அவர் ஒருவரே என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குட் சென்றார். அச்சொல் என் நெஞ்சிற் கிடந்து உறுத்தியது. அதுவே லெனொர்மான் அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டிற்று.

விளையாட்டுக் கடதாசி ஐரோப்பாவிற் பரவியது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதனைக் கொண்டு குறி சொல்லும் முறையை நூலாக வகுத்து வெளியிட்டவருள் முற்பட்டவர் பாரிஸ் நகரத்து அலியெத் என்பவர். தம் பெயரின் எழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாக மாற்றி, எத்தெய்லா எனப் புனைபெயர் பூண்டு, 1770ஆம் ஆண்டு அந்நூலை அவர் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது 32 கடதாசிகள் கொண்ட கட்டு. இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை ஒதுக்கிவிட்டு நம்மவர் முந்நூற்றிநாலு ஆடுகின்றனர் அல்லவா? அங்ஙனம் எஞ்சும் அதே 32 கடதாசிகள்தாம் அவை. குறி கேட்பவருக்கு அடையாளமாக ஒன்றை மேலதிகமாகச் சேர்த்துக்கொண்டார். ராசா ஆடவனையும் ராணி பெண்ணையும் குறிக்கும். செந்நிறக் கடதாசி வெளிறிய நிறத்தாரையும், கருநிறக் கடதாசி கறுத்த நிறத்தாரையும் காட்டும். இதயக் குறி அன்புக்கும், கரிய ஈட்டிக் குறி துன்பத்துக்கும் உரியன. ஒரே கடதாசி நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் வேறொரு பொருள். இத்துணை வழிகள் இருப்பின், எவருடைய வாழ்க்கைக்கும் ஏற்ற ஒரு கதையை விரித்துரைத்தல் அரிதன்று. எத்தெய்லா 1791இல் இறந்தார். அவர் வகுத்த நெறியிற் பெரும்பொருள் ஈட்டியவர் நம் அம்மையாரே.

லெனொர்மான் 1772ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் நோர்மண்டிப் பகுதியைச் சேர்ந்த அலான்சோன் என்னும் ஊரிலே துணி வணிகர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து கன்னியர் மடத்துப் பள்ளியிற் கற்றார். அம்மடத்தில் இருந்தபோதே எதிர்வு கூறும் ஆற்றல் தமக்கு வாய்த்ததென்பது பிற்காலத்தில் அவரே சொல்லிக்கொண்ட செய்தி. கையிற் பொருளும் பின்னால் உறவும் இன்றிப் பாரிஸ் நகரை அடைந்த இளம்பெண்ணுக்கு அக்காலத்திற் பிழைப்பு வழிகள் மிகச் சில. அவற்றுள் இல்லாத ஒன்றை அவர் தாமே ஆக்கிக்கொண்டார்.

காலமும் அவருக்குத் துணை செய்தது. 1789இல் புரட்சி மூண்டது. 1793 சனவரியில் மன்னன் தலை வீழ்ந்தது. அதன்பின் வந்த பயங்கர ஆட்சியில், தீர்ப்பளித்துக் கொன்றோர் தொகை மட்டும் நாடெங்கும் ஏறத்தாழ 17,000. பாரிஸ் நகரில் மட்டும் ஏறத்தாழ 2,600. காலையிற் பதவியில் இருந்தவன் மாலையிற் சிறையில் இருந்தான். சிறையில் இருக்கும் கணவன் மீள்வானோ, மகன் பெயர் நாளைய பட்டியலில் வருமோ என்று ஏங்கிய பெண்டிர் அந்நகரிற் கணக்கற்றோர். நீதிமன்றம் அவர்களுக்கு விடை கூறவில்லை. கோயில்களின் கதவுகளோ அடைபட்டுக் கிடந்தன. கடதாசி விரித்தவர் வீட்டுக் கதவு ஒன்றே திறந்திருந்தது.

புரட்சித் தலைவர்களாகிய மராற், றொபெஸ்பியர், சென் சூஸ்ற் ஆகிய மூவரும் அம்மையாரிடம் வந்தனர் என்றும், மூவருக்கும் கொடிய சாவு நேரும் என்று அவர் முன்னரே கூறினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. மராற் 1793 யூலை 13இற் கத்தியாற் குத்துண்டு இறந்தான். மற்றை இருவரும் 1794 யூலை 28இல் ஒரே நாளிற் கொலைப்பொறிக்கு இரையாயினர். கதை கேட்போர் வியப்பர். ஆயின், அந்நாட்களில் அரசியற் தலைவன் ஒருவனுக்குக் கொடிய சாவு உண்டென்று கூறுதற்குக் கடதாசி எதற்கு? அன்றியும், அம்மூவர் வருகைக்கும் அம்மையாரைச் சார்ந்த கதையன்றி வேறு சான்று இல்லை.

அமைதி திரும்பியபின் அம்மையார் தூர்னோன் வீதியில் 5ஆம் இலக்க வீட்டிலே தொழில் நடத்தினார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் பெயரோடு ஒட்டியிருந்தது அவ்வீதி. வாயிலிலே தொங்கியது புத்தக வணிகர் என்னும் பலகை. குறி சொல்வதைத் தொழிலாகக் கொள்வது சட்டத்துக்கு முரண். 1810ஆம் ஆண்டுக் குற்றவியற் சட்டக்கோவை அதற்கு 11 முதல் 15 பிராங் வரை குற்றப்பணம் விதித்தது. பலகை அதற்குக் காப்பு.

சென்று கண்டோர் எழுதிவைத்த குறிப்புக்களால் அவர் தொழில் நடத்திய விதம் விளங்குகின்றது. முதலிற் கடதாசியைத் தொடமாட்டார். வந்தவரின் வயது, பெயரின் முதலெழுத்து, பிறந்த ஊர், விரும்பும் நிறம், விரும்பும் விலங்கு, வெறுக்கும் விலங்கு, விரும்பும் மலர் என ஒவ்வொன்றாகக் கேட்பார். பின்னர் இடக்கையாற் கட்டை வெட்டச் சொல்வார். இவ்வினாக்கள் அற்பமானவை போலத் தோன்றும். ஆயின், விடை கூறுபவரின் குரல், உடை, தயக்கம், கண்ணோட்டம் அனைத்தும் அவ்வேளையில் எதிரே இருப்பவருக்குப் புலனாகின்றன. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்த யான் இதனை அறிவேன். பாடம் படியாது வந்த மாணவனை அவன் வாய் திறக்குமுன்னரே நாம் கண்டுகொள்வதில்லையா? அம்மையாரின் கலை கடதாசியைப் படிக்கும் கலையன்று, முகத்தைப் படிக்கும் கலை.

அவரிடம் வந்தோருட் பெரும்புகழ் பெற்றவர் யோசபீன். முதற் கணவரைக் கொலைப்பொறிக்குப் பறிகொடுத்து, தாமும் சிறையிருந்து மீண்டவர் அவர். 1796இல் நெப்போலியனை மணந்து, 1804இற் பேரரசியாக முடி சூடினார். முடி சூடியும் அச்சம் நீங்கவில்லை. பிள்ளைப்பேறு இல்லாமையாற் கணவன் தம்மைத் தள்ளிவிடுவான் என்னும் கவலை அவரை அரித்தது. 1809 டிசம்பர் நடுவில் அம்மணம் முறிந்தது. அதற்குச் சில நாட்களின் முன், அம்மாதம் 11ஆம் நாள், காவற்றுறையினர் லெனொர்மான் அம்மையாரைப் பிடித்து ஏறத்தாழ இரு வாரம் சிறையில் வைத்தனர். மணமுறிவை முன்னரே கூறியதாலேயே தமக்கு இத்தண்டனை நேர்ந்ததென்று அவர் பின்னர் எழுதினார்.

எழுதிய காலத்தை மாணவர் நோக்குதல் வேண்டும். அந்நூல் வெளிவந்தது 1814ஆம் ஆண்டு, நெப்போலியன் முடி துறந்த ஆண்டு. யோசபீனின் அந்தரங்க நினைவுகள் என்னும் பெயரால் அவர் வெளியிட்ட நூல் 1820இல் வந்தது. யோசபீன் இறந்து அப்போது ஆறாண்டு ஆகியிருந்தது. மறுத்துரைக்க வல்லவர் எவரும் இல்லாதபோதே அம்மையாரின் தீர்க்கதரிசனங்கள் அச்சேறின. வரலாற்றாசிரியர் அந்நூல்களை நம்பத்தக்க சான்றாகக் கொள்வதில்லை. ஒருவருடைய பெருமைக்கு அவரே முதற் சாட்சியும் கடைசிச் சாட்சியும் ஆயின், அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு இவ்வரலாறு ஒரு பாடம்.

பின்னரும் அவர் ஓயவில்லை. 1818இல் ஐரோப்பிய மன்னர்கள் ஆகென் நகரிற் கூடியபோது அங்கே சென்றார். மறு ஆண்டு அதைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். 1821இல் பெல்சியப் பகுதியில் வழக்கொன்றில் அகப்பட்டு, ஓராண்டுச் சிறை எனத் தீர்ப்புப் பெற்று, மேன்முறையீட்டில் விடுதலையானார். அவ்வழக்கும் நூலாயிற்று. சிறை, வழக்கு, மன்னர் வீழ்ச்சி யாவும் அவருக்கு விளம்பரமாகவே முடிந்தன.

1843 யூன் 25ஆம் நாள், 71ஆம் வயதில், அவர் இறந்தார். நூறாண்டுக்கு மேல் வாழ்வேன் என்று தம்மைப் பற்றிக் குறி கூறியிருந்தார் என்பர். பேர் லாசேஸ் இடுகாட்டில் அடக்கம் நடந்தது. மணம் புரியாத அவர் விட்டுச்சென்ற செல்வம் ஏறத்தாழ 5 இலட்சம் பிராங் என்று கூறுவர். உரிமையாளரான மருமகர் படையதிகாரி, சமயப்பற்று மிக்கவர். அவர் பணத்தை எடுத்துக்கொண்டு குறிக் கருவிகளை எரித்துவிட்டார் என்பது வழக்கு. அம்மையார் பெயரோ எரியவில்லை. 1799ஆம் ஆண்டளவில் நூரன்பேர்க் நகரில் தாயம்போற் காய் உருட்டி ஆடுதற்காக வெளிவந்த 36 படங்கள் கொண்ட ஒரு விளையாட்டை எடுத்து, அவர் இறந்தபின் வணிகர் லெனொர்மான் கடதாசி எனப் பெயரிட்டு விற்றனர். அவர் கையாலே தொடாத அக்கட்டு இன்றும் அவர் பெயரால் உலகெங்கும் விற்பனையாகின்றது.

இவ்வரலாற்றைப் படித்து முடித்தபோது எனக்கு முல்லைப்பாட்டு நினைவுக்கு வந்தது. போர்மேற் சென்ற தலைவன் மீள்வானோ என்று அறிய, முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி ஊர்ப்புறத்தே விரிச்சி கேட்டு நிற்கின்றனர். குளிரில் நடுங்கும் ஆயர்மகள் ஒருத்தி, தாயைக் காணாது வருந்தும் கன்றுக்கு, உன் தாய் இதோ வந்துவிடும் என்று தேறுதல் கூறுகின்றாள். அதுவே அவர்களுக்கு நற்சொல் ஆகின்றது. கேட்டவர் ஏக்கம் அங்கும் பாரிஸ் நகரிலும் ஒன்றே. சொன்னவரிடந்தான் வேற்றுமை. ஆயர்மகள் கூலி பெறவில்லை. தன் சொல்லைப் பிறர் கேட்பதையும் அறியவில்லை. அம்மையார் கேட்பவர் அச்சத்தை அளந்து, அதற்கேற்ப விலை கொண்டார்.

ஆதலாற் கடதாசிக் குறி பொய் என்னும் என் கருத்து மாறவில்லை. குறி கேட்பவர் அறிவிலிகள் என்னும் கருத்தே மாறிற்று. விடை கூறக் கடமைப்பட்டவர் வாய் மூடியிருக்கும் நாட்டிலேதான் குறி சொல்பவர் வாயிலிற் கூட்டம் பெருகும். 1793இலும் அப்படியே; நம் காலத்திலும் அப்படியே.

சென்ற மாதம் தமக்கையார் மற்றொரு மனு எழுதவேண்டும் என்றார். பயன் யாது என்று முன்னெல்லாம் கேட்டிருப்பேன். இம்முறை கேளாது, தகரப் பெட்டியைத் திறந்து பழைய படிகளை ஆண்டு முறைப்படி அடுக்கி, அவர் சொல்லச் சொல்ல என் கையாலேயே எழுதினேன்.