சுழற்பந்து வீரர் பல்வங்கர் பாலு

நம்மை வாழவைக்கும் இம்மாநகரில் முன்னாளில் பெரும்புகழ் ஈட்டியவர் பல்வங்கர் பாலு. 1876-இல் தார்வாரில், தீண்டாமைக்கு ஆளான தோல்தொழிற் குலத்திற் பிறந்தார். புனேயில் கிரிக்கெட் திடலைப் பெருக்கும் பணியாளராய் அமர்ந்து, வெள்ளையருக்குப் பயிற்சிப் பந்து வீசியே இடக்கைச் சுழற்பந்தைக் கைவரப் பெற்றார். இந்து அணியினர் அவரது பந்துவீச்சை விரும்பினர்; ஆயினும் தேநீர் வேளையில் அவரை வெளியே நிறுத்தி, மண்குவளையில் வார்த்தனர்.

பின்னர்ப் பம்பாய் வந்து இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். 1906-இல் அவ்வணி ஐரோப்பியரை வென்றதில் அவர் பங்கு பெரிது. 1911-இல் இங்கிலாந்து சென்ற அனைத்திந்திய அணியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இத்தனை இருந்தும் அணித்தலைமை அவரை எட்டவில்லை. 1923-இல் தம்பி விட்டல் தலைவரானபோதே அடைத்த கதவு திறந்தது.

1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அரசியலில் அவர் சென்ற வழியை ஏற்பாரும் மறுப்பாரும் நம்முள் உளர். அவர் உழைப்பை மறுப்பார் இலர். 1955-இல் மறைந்தார்.

தாராவித் தோல்பட்டறைகளில் உழைத்தோரின் வழிவந்தோரும் நம் சங்கத்தில் உள்ளோம். நம் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புவோம்; ஆட்டம் முடிந்தபின் அனைவரும் ஒரே பந்தியில் அமர்கின்றனரா என்பதையும் நாமே சென்று காண்போம்.