பெல்போர் பிரகடனத்தை எதிர்த்த யூத அமைச்சர்

நவம்பர் மாதம் வந்தால் பெல்போர் பிரகடனம் பற்றி நமது பத்திரிகைகளிலும் சமூக வலைத்தளங்களிலும் எழுதாதவர் இல்லை. 1917 நவம்பர் 2 ஆம் திகதி பிரித்தானியா பலஸ்தீனை யூதர்களுக்கு வாக்களித்த கதை நமக்கு மனப்பாடம். ஆனால் அன்றைய பிரித்தானிய அமைச்சரவையில் அதனை மிகக் கடுமையாக எதிர்த்தவர், அங்கிருந்த ஒரே யூதர் என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த எட்வின் மொண்டேகு தான் அவர்.

1879 இல் லண்டனில் பிறந்தவர். தந்தை செமுவெல் மொண்டேகு பெரும் வங்கியாளர், லிபரல் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர், பின்னர் ஸ்வேத்லிங் பிரபு. மார்க்கத்தில் கடும் பற்றுள்ள யூதர். மகனோ கேம்பிரிட்ஜில் படித்து, அரசியலில் மூழ்கி, மார்க்க அனுஷ்டானங்களை விட்டுத் தூரமானவர். மகள் லில்லி பழைய மரபை விட்டு லிபரல் யூத இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். தந்தைக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. 1911 இல் அவர் மௌத்தானபோது விட்டுச் சென்ற உயிலில், யூதர் அல்லாதவரை மணந்தால் சொத்து இல்லை என்ற நிபந்தனை இருந்தது.

எட்வின் விரும்பியதோ வெனீஷியா ஸ்டான்லியை. ஒரு பிரபுவின் மகள், கிறிஸ்தவக் குடும்பம். இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தக் குடும்பம் சாதாரணமானதல்ல. வெனீஷியாவின் பெரிய தந்தை ஹென்றி ஸ்டான்லி இஸ்லாத்தைத் தழுவியவர். பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான். 1903 இல் அவர் மௌத்தானபோது ஆல்டர்லி என்ற ஊரில், குடும்பத் தோட்டத்துக் காட்டிலேயே முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார். இன்னொரு சகோதரர் கத்தோலிக்க ஆயர். வெனீஷியாவின் தந்தையோ எந்த மார்க்கத்திலும் நாட்டமில்லாதவர். தத்துவஞானி பேட்ரண்ட் ரசல் வெனீஷியாவின் மாமி மகன். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன வாக்குவாதம் நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அப்போதைய பிரதமர் அஸ்கித்தும் அந்தப் பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்திருந்தார். யுத்த காலத்தின் அரசாங்க இரகசியங்களைக்கூட அவளுக்குக் கடிதங்களில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த அஸ்கித்தின் கீழ்தான் எட்வின் அரசியலில் வளர்ந்தார். 1915 இல் வெனீஷியா யூத மதத்துக்கு மாறி எட்வினை மணந்துகொண்டார். சொத்து தப்பியது. வயதான பிரதமர் உடைந்துபோனார்.

1917 ஜூலையில் எட்வின் இந்தியாவுக்கான அமைச்சரானார். அடுத்த மாதமே, பெல்போரின் திட்டத்தை யூத விரோதம் என்று தலைப்பிலேயே குற்றம் சாட்டி அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். யூதர்களுக்குப் பலஸ்தீன் தாயகம் என்று அறிவித்தால், ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களை அந்நியராகப் பார்த்து வெளியேற்ற விரும்பும் என்பது அவரது வாதம். பலஸ்தீனில் வாழும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களுக்காக இடம்விட்டு ஒதுங்க நேரும் என்பதையும் அப்போதே எழுதினார். தனது தாயகம் வேறெங்கோ என்று சொல்லப்பட்டால் பிரித்தானியாவின் பெயரால் இந்தியாவுக்கு எப்படிப் போவது என்றும் கேட்டார்.

மறுபக்கத்தில் நின்றவர் யாரென்றால், அவரது சொந்தப் பெரியப்பா மகன் ஹேர்பட் செமுவெல். தந்தையை இழந்த ஹேர்பட்டுக்குப் பாதுகாவலராக இருந்தவர் எட்வினின் தந்தைதான். 1915 இலேயே பலஸ்தீனில் யூதர்களைக் குடியேற்றும் யோசனையை அமைச்சரவைக்குக் கொண்டுவந்தவர் அந்த ஹேர்பட். 1920 இல் பலஸ்தீனின் முதல் பிரித்தானிய உயர் ஆணையாளராக ஜெரூசலம் போனவரும் அவரே.

எட்வின் ஒக்டோபரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவர் இல்லாத நேரத்தில் பிரகடனம் வெளியானது. அங்கிருந்த யூதரல்லாத மக்களின் சிவில், மத உரிமைகள் பாதிக்கப்படக் கூடாது என்ற வாசகமும், பிற நாட்டு யூதர்களின் உரிமை பற்றிய வாசகமும் அதில் சேர்ந்ததற்கு அவர் எழுப்பிய எதிர்ப்பும் ஒரு காரணம். அந்த முதல் வாசகத்துக்கு என்ன கதி நேர்ந்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அவரை ஒரேயடியாகப் புகழவும் நான் தயாரில்லை. பேரரசுக்குச் சேவகம் செய்தவர் அவர். ரௌலட் சட்டம் வந்தது அவரது காலத்தில்தான். சுயராஜ்யம் கேட்டவர்களுக்கு 1919 இல் அவர் கொடுத்தது அரைகுறை அதிகாரம். ஆனால் அம்ரித்சரில் மக்களைச் சுட்டுக் கொன்ற ஜெனரல் டயரை 1920 இல் பாராளுமன்றத்தில் கண்டித்தபோது, கொன்சவேட்டிவ் உறுப்பினர்கள் அவர்மீது கொட்டிய வெறுப்பில் யூத துவேஷமும் கலந்திருந்தது.

துருக்கி விடயத்திலும் அவர் தனித்து நின்றார். 1919 மே மாதம் பாரிஸ் சமாதான மாநாட்டில், உஸ்மானிய கிலாபத்தைப் பற்றிய இந்திய முஸ்லிம்களின் கவலையைச் சொல்ல, வல்லரசுத் தலைவர்கள் முன் ஆகா கானையும் அப்துல்லாஹ் யூசுப் அலியையும் அழைத்துச் சென்றார். ஆம், நமது வீட்டு அலுமாரிகளில் இருக்கும் ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பைச் செய்த அதே யூசுப் அலிதான்.

1922 மார்ச்சில், துருக்கிக்கு நீதி வேண்டும், புனிதத் தலங்களில் சுல்தானின் மேலாண்மை ஏற்கப்பட வேண்டும் என்று இந்திய வைஸ்ரோய் ரீடிங் பிரபு தந்தி அனுப்பினார். இந்த ரீடிங்கும் யூதர்தான். அமைச்சரவையைக் கேட்காமல் அதனை வெளியிட எட்வின் அனுமதி கொடுத்தார். கிரேக்கர்களின் பக்கம் நின்ற பிரதமர் லொயிட் ஜோர்ஜ் உடனே அவரைப் பதவி விலக வைத்தார். அதே வருட நவம்பர் தேர்தலில் பாராளுமன்ற ஆசனமும் போனது.

1924 நவம்பரில், 45 வயதில் அவர் காலமானார். மகள் ஜூடித்துக்கு அப்போது ஒரு வயதுதான். கிலாபத் அதே வருடம் மார்ச்சில் துருக்கியராலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. ஹேர்பட் அப்போதும் ஜெரூசலத்தில் பதவியில் இருந்தார். எட்வினின் இந்திய நாட்குறிப்பை 1930 இல் வெனீஷியா நூலாக்கி வெளியிட்டார். பிரகடனச் செய்தி தன்னை எட்டிய நாளில் அவர் எழுதிய வேதனை அதில் இருக்கிறது. வெனீஷியா காலமானது 1948 ஓகஸ்டில். இஸ்ரேல் பிரகடனப்படுத்தப்பட்டு அப்போது மூன்று மாதங்கள்கூட நிறைவடையவில்லை.