கண் தெரியாதவர் கண்டுபிடித்த திருகுக் கம்பம்: யார் இந்த அலெக்சாண்டர் மிட்செல்?

தருமபுரி பக்கம் நிலத்தில் சோலார் பேனல் நிற்க வைக்கணும்னா வழக்கமா என்ன செய்வாங்க? குழி தோண்டி, ஜல்லி சிமெண்ட் கலவை கொட்டி, அது இறுகும் வரை காத்திருந்து, அப்புறம் கம்பத்தை நிறுத்துவாங்க. இதில் குழியே தோண்டாத இன்னொரு முறையும் இருக்கு. நுனியில் திருகு இலை வைத்த இரும்புக் குழாயை, மரத்தில் ஸ்க்ரூ முடுக்குவது போல மண்ணுக்குள் சுழற்றி இறக்கிவிடுவது. இதன் பெயர் ஸ்க்ரூ பைல். ஏதோ புது டெக்னாலஜி என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குக் காப்புரிமை வாங்கிய ஆண்டு 1833. வாங்கியவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

செங்கல் சூளையில் இருந்து கடலுக்கு

அலெக்சாண்டர் மிட்செல் 1780ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். வளர்ந்தது பெல்ஃபாஸ்டில். சின்ன வயதிலேயே மங்கத் தொடங்கிய பார்வை, 22 வயதில் முழுவதுமாகப் போய்விட்டது. அப்போதே அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. செங்கல் செய்வதும் கட்டடம் கட்டுவதும்தான் தொழில். பார்வை போன பிறகும் அதை விடவில்லை. செங்கல் தயாரிக்க இயந்திரங்களைக் கூட உருவாக்கினார்.

அந்தக் காலத்தில் பெரிய பிரச்னை கடலோர மணல்திட்டுகள். இரவில் கப்பல்கள் அதில் மோதி உடையும், ஆட்கள் சாவார்கள். கலங்கரை விளக்கம் கட்டலாம் என்றால் அடியில் பாறை இல்லை, வெறும் சேறு. கல் வைத்தால் புதையும், அலை அரிக்கும். மிட்செல் யோசித்தது ரொம்ப எளிமை. மேலிருந்து அடித்து இறக்காமல் திருகி இறக்கினால், அகலமான இலை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கீழே அமுங்காது, மேலே பிடுங்கவும் வராது.

1838ல் தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் உள்ள மேப்ளின் மணல்திட்டில் வேலை ஆரம்பமானது. 4 அடி விட்டமுள்ள திருகு இலையுடன் 9 இரும்புக் கம்பங்கள். மிதவை மேல் நின்று ஆட்கள் கேப்ஸ்டனைச் சுற்றிச் சுற்றித் தள்ள, கம்பங்கள் 22 அடி ஆழத்துக்கு இறங்கின. ஆனாலும் நம்பிக்கை உடனே வந்துவிடவில்லை. கம்பங்கள் அசைகிறதா என்று நீண்ட நாள் பார்த்துவிட்டுத்தான் மேலே கட்டினார்கள். விளக்கு எரிந்தது 1841ல். அதற்குள் மிட்செலும் மகனும் ஃப்ளீட்வுட் அருகே வயர் கலங்கரை விளக்கத்தை முடித்து, 1840லேயே ஏற்றிவிட்டார்கள்!

மிட்செல் கரையில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற ஆள் இல்லை. படகில் போய், ஏறி இறங்கி, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்ப்பார். எல்லாமே ஜெயித்ததும் இல்லை. டப்ளினுக்கு வெளியே கிஷ் மணல்திட்டில் 1842ல் தொடங்கிய வேலையைப் புயல் கெடுத்தது, கைவிட வேண்டியதாயிற்று.

எந்த மண்ணுக்கு இது சரி வரும்?

மணல், களிமண், வண்டல் என்றால் நன்றாக வேலை செய்யும். திருகும்போது எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பதை வைத்தே கம்பம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணிக்கலாம். இதுதான் இன்றைய பொறியாளர்களுக்குப் பிடித்த விஷயம். சுலபமாக இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது, மண் இளகலாக இருக்குன்னு அர்த்தம். தருமபுரியில் சிக்கல் வேறு. செம்மண்ணுக்குக் கீழே பல இடங்களில் சீக்கிரமே பாறை வந்துவிடும். பாறையில் திருகு இறங்காது, இலை வளைந்துவிடும். அங்கே முதலில் துளை போட வேண்டும், இல்லையென்றால் பழைய கான்கிரீட் முறைதான்.

சென்னைக்கும் வந்தது

அப்போது மெட்ராஸில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரணும், கவிழ்ந்தால் போச்சு. 1861ல் திருகுக் கம்பங்கள் மேல் சுமார் 335 மீட்டர் நீளத்துக்கு இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டப்பட்டது. மிட்செல் வந்து கட்டியது அல்ல, அவருடைய முறை. அப்போது அவருக்கு 81 வயது. பம்பாய்–பரோடா ரயில் பாதையின் ஆற்றுப் பாலங்களுக்கும் இதே கம்பங்கள்தான் போடப்பட்டன.

மிட்செல் 1868 ஜூனில் பெல்ஃபாஸ்டில் காலமானார். அதே ஆண்டு மெட்ராஸ் பாலத்தைப் புயல் தாக்கியது. 1872ல் மறுபடியும் அடிக்க, பாலம் உபயோகமில்லாமல் போனது. அதன் பிறகுதான் அலைகளைத் தடுக்கும் சுவர்களோடு துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியது. மேப்ளின் விளக்கமோ 90 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. கம்பங்களைச் சுற்றியிருந்த மணலைக் கடல் அரித்துக்கொண்டே போக, 1932ல் அதுவும் விழுந்தது.