வழக்கமும் அறமும்: இராஜா ராம்மோகன் ராய்

ஒவ்வொரு சமுதாயத்திற்கும் தனக்கென்று பழக்க வழக்கங்கள் உண்டு. உணவு, உடை, திருமணச் சடங்கு, இறுதிச் சடங்கு எனப் பலவும் இடத்திற்கு இடம் வேறுபடுகின்றன. ஓர் இனத்தார் சரியென்று கருதுவதை மற்றோர் இனத்தார் தவறென்று கருதுவதும் உண்டு. அப்படியானால், சரியும் தவறும் அந்தந்தச் சமுதாயத்தின் வழக்கத்தைப் பொறுத்தவையா? ஒருவர் மனமார நம்பிச் செய்கிறார் என்பதற்காக ஒரு செயல் நல்லதாகிவிடுமா? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, வங்காளத்தில் இக்கேள்விகளுக்கான விடையில் பல பெண்களின் உயிர் அடங்கியிருந்தது. அவ்விடையைத் தேடிப் போராடியவர் ராம்மோகன் ராய்.

ராம்மோகன் 1772-ஆம் ஆண்டு வங்காளத்தில் உள்ள இராதாநகர் என்னும் ஊரில், வசதி படைத்த அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். தாய்மொழியோடு பாரசீகம், அரபு, சமஸ்கிருதம் ஆகிய மொழிகளையும் கற்றார். பின்னர் ஆங்கிலத்தில் புலமை பெற்றார். விவிலியத்தை மூலமொழிகளில் படிப்பதற்காக எபிரேயமும் கிரேக்கமும் பயின்றார். பல சமய நூல்களையும் படித்ததால், மனிதர்களின் நம்பிக்கைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1804-ஆம் ஆண்டளவில் பாரசீக மொழியில் ஒரு சிறுநூல் எழுதினார். இறைவன் ஒருவன் உண்டு என்னும் எண்ணம் எல்லா மக்களிடமும் காணப்படுகிறது என்றும், மற்ற வேறுபாடுகள் வளர்ப்பினாலும் பழக்கத்தினாலும் வந்தவை என்றும் அதில் விளக்கினார். பழக்கத்தால் வந்ததை அறிவால் ஆராய வேண்டும் என்பதே அவருடைய கொள்கை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்களிடம் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், அவர் கல்கத்தாவில் குடியேறினார். 1815-ஆம் ஆண்டு நண்பர்களோடு சேர்ந்து ஆத்மீய சபை என்னும் அமைப்பைத் தொடங்கினார். வேதாந்த நூல்களை மக்கள் படித்தறியும் பொருட்டு வங்காள மொழியில் பெயர்த்தார். முன்னோர் செய்ததைக் கேள்வி கேட்கிறார் என்று பலர் அவரைத் தூற்றினர். பெற்ற தாயும் அவருடைய கருத்துகளை ஏற்கவில்லை. ஆயினும், அவர் பின்வாங்கவில்லை.

அக்காலத்தில் வங்காளத்தில் உடன்கட்டை ஏறும் வழக்கம் இருந்தது. கணவன் இறந்தால், அவன் சிதையிலேயே மனைவியும் எரிந்து உயிர் துறப்பாள். எல்லாக் குடும்பங்களிலும் இது நடக்கவில்லை. எனினும், வங்காள மாகாணத்தில் அரசாங்கம் எடுத்த கணக்கின்படி 1815-ஆம் ஆண்டில் 378 பெண்களும், 1818-ஆம் ஆண்டில் 839 பெண்களும் இவ்வாறு மாண்டனர். சமயத்தில் தலையிட்டால் மக்கள் கொதித்தெழுவர் என்று கம்பெனி அரசு அஞ்சியது. ஆகவே, பெண்ணின் சம்மதத்தோடு நடந்தால் தடையில்லை. வற்புறுத்தினாலோ மயக்க மருந்து கொடுத்தாலோ குற்றம் என்று 1813-இல் விதி வகுத்தது.

இவ்வழக்கத்தை ஆதரித்தவர்களில் கற்றறிந்தவர்களும் இருந்தனர். அவர்கள் இரண்டு காரணங்களைக் கூறினர். முதலாவது, இது முன்னோர் காலத்திலிருந்து வரும் வழக்கம். அதைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை என்பது. இரண்டாவது, கணவனோடு சொர்க்கம் செல்லலாம் என்று நம்பி அப்பெண்ணே விரும்பிச் செய்கிறாள். அவளுடைய நம்பிக்கையில் தலையிடக் கூடாது என்பது.

ராம்மோகன் இவ்விரு காரணங்களையும் அலட்சியப்படுத்தவில்லை, பொறுமையாக எதிர்கொண்டார். 1818, 1819 ஆகிய ஆண்டுகளில் வங்காள மொழியில் இரண்டு சிறுநூல்களை வெளியிட்டார். வழக்கத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் உரையாடுவது போல அவை அமைந்திருந்தன. நெடுங்கால வழக்கம் என்பதாலேயே ஒரு செயல் சரியாகிவிடும் என்றால், தலைமுறை தலைமுறையாகக் கொள்ளையடித்து வாழும் கூட்டத்தாரையும் குற்றமற்றவர் என்றே சொல்ல வேண்டியிருக்கும் என அவர் வாதிட்டார். மேலும், கைம்பெண் எளிமையாகவும் ஒழுக்கமாகவும் உயிர் வாழ வேண்டும் என்றே மனு நூல் கூறுகிறது என்பதை எடுத்துக்காட்டினார். பலன் கருதாது செய்யும் செயலே உயர்ந்தது என்னும் கீதையின் கருத்தைக் கொண்டு, சொர்க்கத்தை விரும்பி உயிர் விடுவது உயர்ந்த அறமாகாது என்றும் விளக்கினார்.

பெண்ணின் விருப்பம் என்னும் வாதத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. நண்பர்களோடு சுடுகாட்டிற்கே சென்று, உறவினர்களிடம் பேசிப் பெண்களைக் காப்பாற்ற முயன்றார். பெண்ணைக் கணவனின் உடலோடு சேர்த்துக் கட்டுவதையும், எழ முடியாதபடி மூங்கில்களால் அழுத்துவதையும் தம் நூலில் கண்டித்தார். மனமார விரும்புகிறவளைக் கட்டிவைக்க வேண்டிய தேவை என்ன? பெண்களுக்குக் கல்வி தராமலே அவர்களை அறிவில் குறைந்தவர்கள் என்று கூறுவது நியாயமன்று என்றார். 1822-ஆம் ஆண்டு எழுதிய மற்றொரு நூலில், பெண்களின் பழைய சொத்துரிமை பறிபோனதைச் சுட்டினார். கையில் பொருளின்றிப் பிறரை அண்டி அவமானப்பட்டு வாழ வேண்டிய நிலையில் உள்ளவள் சாவைத் தேர்ந்தெடுத்தால், அதை முழுமையான விருப்பம் என்று கொள்ள இயலுமா?

ராம்மோகன் ஆங்கிலேயர் செய்வதெல்லாம் சரி என்று எண்ணியவரும் அல்லர். இயேசுவின் அறக்கருத்துகளைப் போற்றினார். ஆனால், பாதிரியார்களின் சில சமயக் கொள்கைகளை மறுத்து எழுதினார். 1823-ஆம் ஆண்டு அரசு பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, அதை எதிர்த்துத் தம் பாரசீக இதழையே நிறுத்திவிட்டார். தம்மவர் வழக்கத்தை எடைபோட்ட அதே தராசில் பிறர் செயலையும் அவர் எடைபோட்டார்.

1828-இல் வில்லியம் பெண்டிங்க் பிரபு தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்றார். உடன்கட்டை ஏறுதலைச் சட்டத்தால் தடுப்பது குறித்து அவர் ராம்மோகனின் கருத்தைக் கேட்டார். ராம்மோகன் தயங்கினார். திடீரெனச் சட்டம் வந்தால், அந்நியர் சமயத்தில் கைவைக்கிறார்கள் என்ற அச்சம் மக்களிடையே எழும். படிப்படியாகக் குறைப்பதே நல்லது என்று கருதினார். ஆயினும், 1829-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் சட்டம் இயற்றப்பட்டதும் அதை முழுமனத்தோடு ஆதரித்தார். அடுத்த ஆண்டு சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் இத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

எதிர்ப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. சட்டத்தை நீக்கக் கோரி இலண்டனுக்கு விண்ணப்பம் அனுப்பினர். அந்தணர் கடல் கடந்து செல்வது அக்காலத்தில் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. அதையும் பொருட்படுத்தாது, 1830-ஆம் ஆண்டு நவம்பரில் ராம்மோகன் கப்பலேறினார். முகலாயப் பேரரசர் அவருக்கு இராஜா என்னும் பட்டமளித்துத் தம் தூதராகவும் அனுப்பிவைத்தார். சட்டத்திற்கு ஆதரவான விண்ணப்பத்தையும் ராம்மோகன் உடன் எடுத்துச் சென்றார். 1832-இல் எதிர்ப்பாளர்களின் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டது. அதற்கு மறு ஆண்டு, செப்டம்பர் 27-ஆம் நாள், பிரிஸ்டல் நகரில் ராம்மோகன் காய்ச்சலால் காலமானார்.

அவர் இறந்தபோது, அந்தணர் அணியும் பூணூல் அவர் உடலில் இருந்தது. பிறரைத் துன்புறுத்தாத தம் முன்னோர் வழக்கத்தைக் கைவிட வேண்டிய அவசியத்தை அவர் காணவில்லை. ஓர் உயிரைப் பறிக்கும் வழக்கத்தை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. வழக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறலாம். நம்பிக்கைகள் ஆளுக்கு ஆள் மாறலாம். ஆனால், ஒரு செயலால் துன்பப்படுபவர் யார், அவருக்கு மறுத்துச் சொல்ல வாய்ப்பு இருந்ததா என்று கேட்பதை எந்த வழக்கமும் தடுக்கக் கூடாது. அக்கேள்வியைத் தம் சொந்தச் சமுதாயத்திடமே துணிந்து கேட்டதுதான் ராம்மோகன் ராயின் பெருமையாகும்.