அடுப்படியில் கிடைத்த விடை

பழைய மகிழுந்தின் முன்கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பு நிறத்தில் இரப்பர்ப் பட்டை ஒன்று இருப்பதைக் காணலாம். பல்லாண்டு வெயிலில் அது காய்ந்து வெடித்தால், மழைநீர் உள்ளே கசியும். கண்ணாடியைத் தாங்கும் இரும்பு துருப்பிடிக்கும். அப்போது புதிய பட்டையைக் கண்ணாடியின் விளிம்பில் மாட்டுவர். பட்டையின் பள்ளத்தில் கயிற்றைச் செருகிச் சவர்க்கார நீரைத் தடவுவர். ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, மற்றொருவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுப்பார். பட்டையின் ஓரம் இரும்பு விளிம்பின்மீது ஏறி இறுகப் பற்றிக்கொள்ளும். வளைந்து, நீண்டு, மீண்டும் பழைய வடிவத்திற்கே திரும்பும் இந்த ஆற்றல், கோடையிலும் குளிரிலும் இரப்பரிடம் நிலைத்திருக்க வழி கண்டவர் சார்லஸ் குட்இயர்.

அவர் 1800ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். தந்தையைப் போலவே இரும்புப் பொருள் வணிகத்தில் ஈடுபட்டு, பிலடெல்பியா நகரில் கடை நடத்தினார். அத்தொழில் நொடித்தது. கடனைக் கட்ட இயலாதவரைச் சிறையில் அடைப்பது அக்கால வழக்கம். குட்இயரும் பலமுறை சிறைக்குச் சென்றார்.

1834ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஓர் இரப்பர் நிறுவனத்தின் கடைக்குச் சென்றபோது, அத்தொழிலின் அவலத்தை அவர் அறிந்தார். இரப்பர்ப் பொருள்கள் கோடையில் இளகிப் பிசுபிசுத்து நாறின. குளிர்காலத்தில் விறைத்து வெடித்தன. இந்தக் குறையை நீக்குவதே தம் வாழ்நாள் பணி என அவர் முடிவு செய்தார்.

குட்இயர் வேதியியல் கற்றவரல்லர். கையில் கிடைத்த பொருள்களையெல்லாம் இரப்பருடன் கலந்து பார்த்தார். சிறையில் இருந்தபோதும் ஆய்வை விடவில்லை. நைட்ரிக் அமிலம் ஓரளவு பலன் தந்தது. அதை நம்பி அரசாங்கத்திற்கு அஞ்சற்பைகள் செய்தார். அவையும் வெப்பத்தில் இளகிவிட்டன. வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலை போயின. மனைவி கிளாரிசா வறுமையில் குடும்பத்தைத் தாங்கினார். பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே இறந்தனர்.

நத்தானியல் ஹேவர்டு என்பவர் இரப்பருடன் கந்தகம் சேர்க்கும் முறையைக் கையாண்டு வந்தார். அம்முறையின் உரிமையைக் குட்இயர் வாங்கினார். 1839ஆம் ஆண்டு, கந்தகம் கலந்த இரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின்மீது பட்டது. உருகி ஓட வேண்டிய இரப்பர், தோலைப் போலக் கருகி நின்றது. வேறொருவர் அதைக் குப்பையில் எறிந்திருப்பார். ஐந்து ஆண்டுகளாக விடை தேடியவருக்கோ அதன் பொருள் உடனே விளங்கிற்று. எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்பதைக் கண்டறிய மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. இரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது என்பதை அறிவியல் பின்னரே விளக்கியது.

1844ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. இங்கிலாந்திலோ தாமஸ் ஹேன்காக் என்பவர் அவ்வுரிமையைப் பெற்றுக்கொண்டார். அமெரிக்காவிலும் பலர் அனுமதியின்றி அம்முறையைப் பயன்படுத்தினர். 1852ஆம் ஆண்டு வழக்கில் வென்றபோதிலும் குட்இயரின் கடன் தீரவில்லை. தம் இரப்பர்ப் பொருள்களை இலண்டன், பாரிஸ் கண்காட்சிகளில் வைக்கப் பெரும் பணம் செலவிட்டார். 1855ஆம் ஆண்டு பிரான்சிலும் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1860ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ஏறத்தாழ 200,000 டாலர் கடனை விட்டுவிட்டு மறைந்தார். 1898இல் தோன்றிய புகழ்பெற்ற சக்கர நிறுவனம் அவர் பெயரைச் சூடிக்கொண்டதே தவிர, அவருடைய குடும்பத்திற்கு உரியதன்று.

அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1877இல், இரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. வெயிலுக்கும் குளிருக்கும் தாங்கும் இரப்பரை உலகம் தேடியதால்தான் மலாயாவில் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய நம் முன்னோர் பலரின் வாழ்வும் அந்த அடுப்படியோடு தொடர்புடையதே.